வால்வுக்குள் வால்வு

மாட்டின் இதயத்தைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. இறைச்சிக்கும் தோலுக்கும் விலை பேசுகிறவர்கள் அதைச் சட்டை செய்வதில்லை. ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம். வெளிச்சத்தில் பிடித்தால் மங்கலாக ஊடுருவித் தெரியும். உலகின் பல நாடுகளில் பல லட்சம் பேருடைய நெஞ்சுக்குள் இப்போது இந்த உறைதான் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.

கொழுப்பை வழித்தெடுத்து, கழுவி, குளூட்டரால்டிஹைடு கரைசலில் ஊறப்போடுகிறார்கள். தோல் பதனிடும் தொழிலிலும் புழங்கும் ரசாயனம் அது. உறையின் புரத இழைகளை ஒன்றோடொன்று கட்டிப்போடும், அழுகவிடாது, மனித உடல் அந்நியமென்று பாய்ந்து தாக்குவதையும் பெருமளவு தணிக்கும். பிறகு கனம் பார்த்துத் தரம் பிரித்து, மூன்று இதழ்களாக வெட்டி, துணி சுற்றிய உலோகச் சட்டத்தில் தைக்க வேண்டும். அந்தத் தையல் இன்றும் கைத்தையல்தான். கலிஃபோர்னியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள ஆலைகளில் நுண்ணோக்கிக்குக் கீழே ஊசியைப் பிடித்து, ஒரு வால்வுக்குப் பல மணி நேரம் உட்கார்ந்து தைக்கிறார்கள். ஓர் இழை தளர்ந்தால் அந்த வால்வு வெளியே போகாது. எல்லாம் சரியென்று ஆனதும், அளவும் வரிசை எண்ணும் எழுதிய சீட்டுடன், கரைசல் நிரம்பிய சிறு ஜாடியில் அது மருத்துவமனைக்குப் புறப்படுகிறது.

அங்கே ஒருவரின் மார்பெலும்பை நெடுக அறுத்துத் திறந்து, இதயத்தை நிறுத்தி, சுண்ணாம்பேறிய சொந்த வால்வை வெட்டியெடுத்துவிட்டு இதை வைத்துத் தைப்பார்கள். அன்று முதல் அதற்கு ஓய்வில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை, ஆண்டுக்கு மூன்றரைக் கோடி முறைக்கு மேல் திறந்து மூட வேண்டும். நம் சொந்த வால்வும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அதில் உயிரணுக்கள் இருக்கின்றன. தேய்ந்ததைத் தானே பழுது பார்த்துக்கொள்ளும். பதனிட்ட உறையில் உயிரில்லை. எந்த ரசாயனம் அதை அழுகாமல் காத்ததோ, அதன் மிச்சமே காலப்போக்கில் கால்சியத்தை இழுத்துப் படியவைக்கிறது. இதழ் விறைக்கும், சுருங்கும், சில சமயம் ஓரத்தில் கிழியும். பொதுவாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகள். வயதானவர்களுக்குக் கூடுதலாக உழைக்கும். இளம் உடலில் வேகமாகக் கெடும்.

இப்படிக் கெடும் என்று தெரிந்தே ஏன் இதை வைக்கிறார்கள்? அதற்கு 1960க்குப் போக வேண்டும். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற அறுவை மருத்துவரும் லோவல் எட்வர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பொறியாளரும் சேர்ந்து, கூண்டுக்குள் பந்து ஏறி இறங்கும் வால்வை உருவாக்கினார்கள். எட்வர்ட்ஸ் முதலில் வந்தது முழுச் செயற்கை இதயமே செய்யலாமா என்று கேட்டு. முதலில் ஒரு வால்வைச் செய்யுங்கள் என்றார் ஸ்டார். அந்தக் கூண்டு வால்வும் அதன் வழிவந்த உலோக, கார்பன் வால்வுகளும் மனித ஆயுளையும் தாண்டி உழைக்கக்கூடியவை. சிக்கல் வால்வில் இல்லை, ரத்தத்தில். அந்நியப் பரப்பில் ரத்தம் உறையும். உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் சாகும்வரை வார்ஃபரின் மாத்திரை, ரத்தம் உறையும் வேகத்தை அளக்க அடிக்கடி ஐஎன்ஆர் பரிசோதனை. மாத்திரை குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தக்கசிவு.

பாரிஸில் ஆலன் கார்பென்டியர் என்ற அறுவை மருத்துவர் இதற்கு மாற்றுத் தேடினார். 1965இல் ழான்-பால் பினே தலைமையில் அவரும் சேர்ந்து பன்றியின் வால்வை மனிதருக்குப் பொருத்தினார்கள். வார்ஃபரின் தேவைப்படவில்லை. ஆனால் அன்றைய பதப்படுத்தும் முறையில் அந்த வால்வுகள் சீக்கிரமே கெட்டுப்போயின. மற்றவர்களாக இருந்தால் இது வேலைக்காகாது என்று விட்டிருப்பார்கள். கார்பென்டியர் வேதியியல் படிக்கப் போனார். அறுவைக் கத்தியில் கைதேர்ந்த ஒருவர் சோதனைக்குழாய் முன்னால் மாணவராகப் போய் நின்றதை நான் மிகப் பெரிய செயலாக நினைக்கிறேன். அவர் கண்டெடுத்த விடைதான் குளூட்டரால்டிஹைடு. 1971இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மரியன் அயனெஸ்கு, முழு வால்வுக்குப் பதிலாக மாட்டின் இதய உறையையே வெட்டித் தைத்து வால்வாக்கினார். நம் ஜாடிக்குள் இருப்பது அந்த மரபின் பிள்ளை.

ஆக, மருந்திலிருந்து விடுதலை. விலையாக, பதினைந்து ஆண்டு கழித்து இன்னொரு கண்டம். அறுபது வயதில் வால்வு வைத்தவருக்கு எழுபத்தைந்தில் மூச்சிரைக்கிறது. எக்கோ எடுத்தால் இதழ்கள் அசையவில்லை. மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். முதல் முறை திறந்ததில் இதயம் மார்பெலும்பின் பின்புறத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ரம்பம் இறங்கும்போது அடியில் இருப்பது எலும்பு மட்டுமல்ல. பழைய வால்வைச் சதை வளர்ந்து பிடித்திருக்கும். அதைச் செதுக்கி எடுப்பது புதியதைத் தைப்பதைவிடக் கடினம். சிறுநீரகமும் நுரையீரலும் தளர்ந்த முதியவர்களிடம் பல மருத்துவர்கள் மாத்திரையை மாற்றி எழுதித் தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வேறு வழி அவர்களிடம் இருக்கவில்லை.

வழி ஓர் இறைச்சிக் கடையிலிருந்து தொடங்கியது. 1989 பிப்ரவரியில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்னிங் ருட் ஆண்டர்சன் என்ற இளம் இதய மருத்துவர் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு மாநாட்டில், ரத்தக்குழாய்க்குள் வைத்துப் பலூனால் விரிக்கும் ஸ்டென்ட் பற்றி ஹூலியோ பால்மாஸ் பேசியதைக் கேட்டார். இதைப் பெரிதாக்கி, உள்ளே ஒரு வால்வைத் தைத்தால் என்ன? டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகருக்குத் திரும்பி, கடையில் பன்றி இதயங்களை வாங்கி, வால்வுகளை வெட்டியெடுத்து, கம்பியைத் தானே வளைத்து ஸ்டென்ட் செய்து, பலூன் மேல் சுருட்டினார். அதே ஆண்டு மே 1 அன்று ஒரு பன்றிக்குள் அந்த வால்வு விரிந்து வேலை செய்தது. ஆய்விதழ்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. அச்சேற 1992 ஆயிற்று. வால்வு செய்யும் நிறுவனங்களும் அக்கறை காட்டவில்லை.

மனிதருக்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியே போன வால்வின் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 2002 ஏப்ரல் 16, பிரான்ஸின் ரூவான் நகரம் என்றுதான் தொடங்குவார்கள். ஆலன் கிரிபியே என்ற இதய மருத்துவர், மற்றவர்கள் தொட மறுத்த 57 வயது நோயாளியின் தொடைச் சிரை வழியே ஏறி, இதயத்தின் இடைச்சுவரைத் துளைத்து இடப்பக்கம் சென்று, பெருந்தமனி வாயிலில் வால்வை விரித்த நாள் அது. இந்த யோசனை முட்டாள்தனம் என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அன்று பதில் கிடைத்தது. அந்தப் பெருமையில் ஒரு துளியையும் நான் குறைக்கவில்லை. ஆனால் அதற்கு இரண்டாண்டு முன்பே, 2000இல், பாரிஸில் பிலிப் போன்ஹோஃபர் ஒரு 12 வயதுச் சிறுவனுக்கு வால்வை நுழைத்துவிட்டார். மாட்டின் கழுத்துச் சிரையில் இயற்கையாகவே இருக்கும் வால்வைச் சிரையோடு வெட்டி ஸ்டென்டுக்குள் தைத்திருந்தார். அது போய் அமர்ந்த இடம் சிறுவனின் சொந்த வால்வு அல்ல. வலது கீழறையையும் நுரையீரல் தமனியையும் இணைக்க முன்பு அறுவையில் வைத்த செயற்கைக் குழாய். அதிலிருந்த வால்வு பழுதாகியிருந்தது. கதீட்டர் வால்வு மனிதருக்குள் செய்த முதல் வேலையே, கெட்டுப்போன செயற்கை வால்வுக்கு மாற்றாக நின்றதுதான்.

போன்ஹோஃபரின் குழாயிலிருந்து மற்ற வால்வுகளுக்கு வர அதிக நாள் ஆகவில்லை. 2007இல், பெருந்தமனி வாயிலில் பழுதாகியிருந்த திசு வால்வுக்குள் கோர்வால்வ் என்ற, தானே விரியும் வால்வை நுழைத்ததாக அறிக்கை வந்தது. கனடாவின் வான்கூவரில் ஜான் வெப் குழுவினர் பெருந்தமனி வால்வு, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு என்று இதயத்தின் வெவ்வேறு வாயில்களில் இதைச் செய்து, 24 நோயாளிகளின் அனுபவத்தை 2010இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2015இல் பெருந்தமனி வால்வுக்கும் 2017இல் மைட்ரல் வால்வுக்கும் அனுமதி தந்தது.

இப்போது அந்த அறைக்குள் போகலாம். கதீட்டர் சிகிச்சை நடக்கும் கேத் லேபில் ஓரமாக ஒரு மேசை. அதன்மேல் உப்புநீர் நிரப்பிய கிண்ணங்கள். ஜாடியிலிருந்து எடுத்த புது வால்வைச் செவிலியர் ஒரு கிண்ணத்தில் அலசி, அடுத்த கிண்ணத்தில் மறுபடி அலசுகிறார். பதனிட்ட ரசாயனம் ரத்தத்தில் கலக்கக் கூடாது. பிறகு அதை வட்டமான ஒரு கருவிக்குள் வைத்துக் கைப்பிடியைத் திருப்ப, எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுந்தி, இரண்டரை சென்டிமீட்டர் அகலமிருந்தது ஒரு பேனாவின் கனத்துக்கும் கீழே பலூன் மேல் சுருங்குகிறது. இந்த இடத்தில் எல்லாரும் ஒரு கணம் நிற்பார்கள். எந்த முனை மேலே? தலைகீழாக ஏறினால் திறக்க வேண்டிய நேரத்தில் மூடிவிடும். ஒருவர் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் பார்த்து ஆமோதித்த பிறகே அது தொடைத் தமனிக்குள் நுழைகிறது.

எக்ஸ்ரே திரையில் பழைய வால்வின் உலோகச் சட்டம் பளிச்சென்று தெரியும். முதல் முறையாகக் கதீட்டர் வால்வு வைப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. சொந்த வால்வின் விளிம்பு எக்ஸ்ரேயில் சரியாகப் பிடிபடாது. இங்கே பழையதே புதியதற்கு அடையாளக் கல்லாக நின்று, எவ்வளவு உயரத்தில் உட்கார வேண்டும் என்று காட்டுகிறது. சட்டமே இல்லாமல் தைத்த சில ரகங்கள் மட்டும் திரையில் தென்படாமல் சோதிக்கும். சரியான உயரம் வந்ததும் தற்காலிக பேஸ்மேக்கர் இதயத்தை நிமிடத்துக்கு 180, 200 என்று விரட்டுகிறது. அவ்வளவு வேகத்தில் இதயம் வெறுமனே துடிக்கும், ரத்தத்தைத் தள்ளாது. ரத்த அழுத்தக் கோடு சரிந்து படுக்கும். பலூன் விரிகிறது. பழைய இதழ்கள் மூன்றும் சுவரோடு நசுங்க, புதியது அவற்றின்மேல் ஏறிப் பதிகிறது. பலூன் சுருங்க, பேஸ்மேக்கர் நிற்க, கோடு மறுபடி எழுகிறது. எல்லாம் சில விநாடிகள். பலரும் ஓரிரு நாளில் எழுந்து நடக்கிறார்கள்.

இவ்வளவு எளிதென்றால் எல்லாருக்கும் செய்துவிடலாமே என்று தோன்றும். டேனி ட்விர் என்ற மருத்துவர் 55 மருத்துவமனைகளிலிருந்து 459 நோயாளிகளின் விவரத்தைத் திரட்டி 2014இல் வெளியிட்டார். ஓராண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 83.2 சதவீதம். பெரும்பாலும் மறு அறுவைக்கு அஞ்சப்பட்ட முதியவர்கள் என்பதால் இது நல்ல செய்தி. ஆனால் அதே ஆய்வுக்குள் இன்னொரு கணக்கு இருந்தது. பழைய வால்வு சிறியதாக, 21 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ இருந்தவர்களில் ஓராண்டு தாண்டியவர்கள் 74.8 சதவீதம், பெரிய வால்வு இருந்தவர்களில் 93.3 சதவீதம். சிறிய வால்வு வைத்தவர்களுக்கு வேறு கோளாறுகளும் இருந்திருக்கலாம். இருந்தாலும் இந்த இடைவெளியைக் கடந்து போக முடியாது.

காரணம் எளிது. படிக்குள் உழக்கையும் உழக்குக்குள் ஆழாக்கையும் வைக்கலாம். உள்ளே போகப்போகக் கொள்வது குறையும். பழைய வால்வை எடுக்காமல் அதற்குள்ளேயே வைப்பதால், அதன் சட்டம் இடும் எல்லையைப் புதியது மீற முடியாது. அதிலும் ஒரு வில்லங்கம்: வால்வின் பெட்டியில் அச்சிட்ட எண் அதன் உள்வாயின் அளவைச் சொல்வதில்லை. 21 என்று எழுதியிருந்தாலும், ரகத்தைப் பொறுத்து உள்ளே 19, ஏன் 17 மில்லிமீட்டராகக்கூட இருக்கும். 19க்கும் 17க்கும் வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர்தான். ஆனால் ரத்தம் போகும் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. லண்டனில் பணியாற்றிய இந்திய அறுவை மருத்துவர் வினாயக் பாபட், எந்த நிறுவனத்தின் எந்த வால்வுக்கு உண்மையான உள்ளளவு என்ன, அதற்குள் எது எந்த அளவில் போகும் என்பதையெல்லாம் தொகுத்து ஒரு கைபேசிச் செயலியாக்கினார். உலகெங்கும் கேத் லேப்களில் மருத்துவர்கள் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வால்வை எடுக்கச் சொல்கிறார்கள்.

சட்டம் சிறியதாக இருந்தால் உடைத்துப் பார்க்கலாம் என்றும் சிலர் துணிந்தார்கள். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் கீத் ஆலனும் அட்னன் சத்ரிவாலாவும் மிகை அழுத்தத்தில் பலூனை ஊதிப் பழைய வளையத்தை உள்ளுக்குள்ளேயே விரிசலிட வைத்து இடம் உண்டாக்கினார்கள். எல்லா வளையமும் உடையாது; எது உடையும், எந்த அழுத்தத்தில் என்பதை முதலில் மேசைமேல் சோதித்துப் பார்த்தார்கள்.

இன்னொரு ஆபத்து இதயத் தமனிகளின் வாயில். இதயத்துக்கே ரத்தம் தரும் இரண்டு தமனிகளும் பெருந்தமனி வால்வுக்குச் சற்று மேலே பிரிகின்றன. நசுங்கிய பழைய இதழ்கள் நிமிர்ந்து நின்று அந்த வாயிலை அடைத்தால் அங்கேயே மாரடைப்பு. நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு நேரலாம். நேர்ந்தால் பாதிப்பேருக்கு மேல் பிழைப்பது கடினம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ராபர்ட் லெடர்மன், ஜாஃபர் கான் குழுவினர் 2018இல் வெளியிட்ட பேசிலிகா முறை இதற்காக வந்தது. ஒரு கம்பியைப் பழைய இதழின் அடியில் நிறுத்தி, மின்சாரம் பாய்ச்சித் துளைத்து, மறுபுறம் கண்ணியால் பிடித்து இழுக்கிறார்கள். இதழ் நடுவே கீறிப் பிளந்துவிடும். புது வால்வு விரியும்போது பிளந்த பாதிகள் இரண்டு பக்கமும் ஒதுங்க, ரத்தம் தமனிக்கு வழி கண்டுகொள்ளும். துடிக்கும் இதயத்துக்குள், திரையைப் பார்த்தபடி, வேண்டுமென்றே ஒரு வால்வைக் கிழிப்பது! செய்து காட்டியிராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

நம் நாட்டில் இந்தக் கதை வேறு வயதில் தொடங்குகிறது. மேலைநாடுகளில் வால்வு கெடுவது முதுமையில். இங்கே சிறுவயதில் வந்த தொண்டைப் புண், கவனிக்காமல் விட்டதால் ருமாட்டிக் காய்ச்சலாகி, இருபது முப்பது வயதில் மைட்ரல் வால்வைத் தின்றுவிடுகிறது. இளைஞர்களுக்கு உழைக்கிற உலோக வால்வே ஏற்றது என்பது வழக்கம். எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு அவர்களுக்காகவே பிறந்தது. சென்னையின் டிடிகே குழுமம் தயாரித்து, இறக்குமதி வால்வுகளைவிடக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது. ஆனால் உலோக வால்வுக்குள் இன்னொரு வால்வை வைக்க முடியாது. அதன் தட்டு ஓரமாக ஒதுங்காது, வளையம் இளகாது. கெட்டால் நெஞ்சைத் திறந்தே ஆக வேண்டும்.

இதில் அதிகம் அல்லாடுகிறவர்கள் இளம் பெண்கள். வார்ஃபரின் கருவின் தொடக்க வாரங்களில் குழந்தையைப் பாதிக்கும். நிறுத்தினால் தாயின் வால்வில் ரத்தம் உறையும். குழந்தை வேண்டுமென்று திசு வால்வைத் தேர்ந்தெடுப்பவர்கள், அது சீக்கிரம் கெடும் என்பதைத் தெரிந்தே தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களுக்கு இனி தொடைச் சிரை வழியே ஏறி, இடைச்சுவரைத் துளைத்து, மைட்ரல் வாயிலில் புதியதை வைக்கலாம் என்பது சாதாரணச் செய்தியல்ல. குஜராத்தின் வாபியிலுள்ள மெரில் நிறுவனத்தின் மைவால் 2018இல் இந்திய அனுமதி பெற்றது; வழக்கமான அளவுகளுக்கு இடைப்பட்ட அளவுகளிலும் கிடைப்பதால் பழைய வால்வுக்குள் பொருத்த இது கைகொடுக்கிறது. இருந்தும் செலவு பல லட்சம். ருமாட்டிக் காய்ச்சல் தேடிப் போகும் வீடுகளில் அந்தப் பணம் இல்லை. அரசுக் காப்பீடு இதை முழுதாக ஏற்கும்வரை, தொழில்நுட்பம் வந்துவிட்டது என்று பெருமைப்படுவதில் எனக்கு நிம்மதி இல்லை.

கதீட்டர் கலையில் எவ்வளவு முன்னேறினாலும், பதினைந்து ஆண்டு கழித்து வரப்போகும் வால்வுக்கான இடத்தை முடிவு செய்கிறவர் இன்று முதல் அறுவையைச் செய்பவர்தான். அவசரமாக முடிக்கச் சிறியதைத் தைத்தால், நோயாளியின் அடுத்த வாய்ப்பையும் அவர் அன்றே சுருக்கிவிடுகிறார். இதை உணர்ந்த அறுவை மருத்துவர்கள் பெருந்தமனியின் வேரையே அகலப்படுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போ யாங், ஆங்கில ஒய் எழுத்தின் வடிவில் வேரைக் கீறி ஒட்டுப்போட்டு, மூன்று நான்கு அளவு பெரிய வால்வை வைக்கும் முறையை 2020இல் தொடங்கினார். அறுவை சிறிது நீளும். ஆனால் இரண்டாவது வால்வுக்கும், தேவைப்பட்டால் மூன்றாவதற்கும் உள்ளே இடமிருக்கும்.

வால்வு அறுவைக்குப் போகிறவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதிலிருந்தே வருகிறது: எந்த ரகம், எந்த அளவு, பின்னால் இதற்குள் இன்னொன்று போகுமா? வீடு திரும்பும்போது தரும் சிறிய அட்டையில் நிறுவனம், ரகம், அளவு, வரிசை எண் நான்கும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல குடும்பங்களில் அந்த அட்டை பழைய மருந்துச் சீட்டுகளோடு தொலைந்துவிடுகிறது. பதினைந்து ஆண்டு கழித்து மூச்சிரைப்போடு வரும்போது, உள்ளே இருப்பது என்ன வால்வு என்று கண்டுபிடிக்கவே சிடி ஸ்கேன் எடுத்து, சட்டத்தின் வடிவத்தைப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அட்டையை ரேஷன் கார்டோடும் ஆதாரோடும் ஒரே உறையில் வையுங்கள். ஒரு படமெடுத்துப் பிள்ளைகளின் கைபேசியிலும் போட்டுவையுங்கள்.